வார்டு இன்சார்ஜைத் தக்கவைக்க எதில் செலவு செய்வது? புதுச்சேரி, கடலூர் மருத்துவமனைகளுக்கு ஓர் ஒப்பீடு

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் 100 முதல் 300 படுக்கை வரை உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் வார்டு இன்சார்ஜ், அதாவது ஒரு வார்டின் நர்சுகளுக்குப் பொறுப்பான மூத்த நர்ஸ், ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் நிர்வாகத்திடமிருந்து வரும் முதல் கேள்வி, “எவ்வளவு கூட்டித் தரணும்?” என்பதுதான். இரண்டாயிரமோ மூவாயிரமோ ஏற்றுகிறார்கள். கடிதம் திரும்பப் பெறப்படுகிறது. சில மாதம் கழித்து அதே மேசைக்கு இன்னொரு கடிதம் வருகிறது. இந்த முறை பேச்சுக்கு இடமில்லை. கடைசி நாள் எது என்பதையும் எழுதியே கொடுத்திருப்பார்.

சம்பளம் ஒரு காரணமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் செலவழிக்கக் கையில் இருப்பது ஐந்தாறு லட்சம்தான் என்றால், அதை முதலில் போடவேண்டிய இடம் வேறு: இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் இன்சார்ஜின் சொந்த போன் அடிக்காமல் இருக்கச் செய்யும் ஏற்பாடு. ஏன் என்பதற்கு, விலகுகிறவர்கள் எங்கே போகிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கே போகிறார்கள்

ஒரு கூட்டம் அரசு வேலைக்குப் போகிறது. ஜிப்மர் போன்ற மத்திய நிறுவனங்களில் நர்சிங் ஆபிசர் பணி ஏழாவது ஊதியக் குழுவின் 7ஆம் நிலையில் தொடங்குகிறது. அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் அதற்கு மேல். இங்குள்ள பல தனியார் மருத்துவமனைகளில் பத்தாண்டு அனுபவம் உள்ள இன்சார்ஜுக்கும் அந்தத் தொகை எட்டாத உயரம். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தொகுப்பூதியத்தில் சேருகிறவர்கள்கூட, என்றாவது காலமுறை ஊதியத்துக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் போகிறார்கள். இந்தப் போட்டியில் தனியார் மருத்துவமனை ஜெயிக்காது. ஆனால் மத்திய நிறுவனத் தேர்வுகளுக்கு வயது வரம்பு உண்டு. பொதுப் பிரிவினருக்கு அந்தக் கதவு முப்பதுகளின் நடுவுக்குள் அடைபட்டுவிடும்.

இன்னொரு கூட்டம் வளைகுடா, பிரிட்டன், ஜெர்மனி என்று பறக்கிறது. பெரும்பாலும் முப்பதுக்குக் கீழே உள்ளவர்கள். ஜெர்மன் வகுப்புக்கோ ஆங்கிலத் தேர்வுப் பயிற்சிக்கோ மாலையில் போய்க்கொண்டிருக்கும் ஒருவரை இன்சார்ஜாக அமர்த்திவிட்டு, அவர் போனதும் ‘தக்கவைக்க முடியவில்லை’ என்று வருந்துவதில் பொருளில்லை. அது ஆள் தேர்வில் நடந்த பிழை.

மூன்றாவது கூட்டத்தைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். புதுச்சேரியைச் சுற்றி நர்சிங் கல்லூரிகள் நிறைய. இன்சார்ஜாக இருந்தவர் அங்கே பாடம் நடத்தும் டியூட்டராகப் போகிறார். சம்பளம் அதிகமா என்று விசாரித்தால், பல நேரம் அதேதான். சில நேரம் குறைவும்கூட. காலையில் போய் மாலையில் திரும்பலாம், ஞாயிறு விடுமுறை, இரவில் யாரும் கூப்பிட மாட்டார்கள். வரும் பணத்தைக் குறைத்துக்கொண்டு நேரத்தை வாங்கிக்கொண்டு போகிறவர் அவர். அவரிடம் போய் “மூவாயிரம் கூட்டித் தருகிறோம்” என்பது அவர் கேட்காத கேள்விக்குச் சொல்லும் பதில்.

நான்காவது கூட்டம் கணக்கிலேயே வருவதில்லை. “எனக்கு இன்சார்ஜ் வேண்டாம், ஸ்டாஃபாவே இருந்துக்கறேன்” என்று இறங்கிக்கொள்கிறவர்களும், அதே மருத்துவமனையின் தரப் பிரிவுக்கோ காப்பீட்டு மேசைக்கோ மாற்றல் கேட்டுப் போகிறவர்களும் இதில் சேர்த்தி. ராஜினாமா இல்லாததால் மனிதவளப் பிரிவு இதை இழப்பாகப் பதிவதில்லை. வார்டுக்கு இழப்பு ஒன்றுதான்.

அமெரிக்காவில் 2014இல் வெளியான ஓர் ஆய்வில், நர்ஸ் மேனேஜர்களில் பெரும்பான்மையோர் இந்த வேலை பிடித்திருக்கிறது என்றார்கள். அதே கூட்டத்தில் பெரும்பான்மையோர் ஐந்து ஆண்டுக்குள் இந்தப் பொறுப்பிலிருந்து விலகுவோம் என்றும் சொன்னார்கள். காரணங்களாக அதிகம் வந்தவை பணிச்சோர்வு, தொழில் மாற்றம், ஓய்வு, பதவி உயர்வு. பிடித்திருந்தும் விலகுகிறார்கள் என்பது அங்குள்ள செய்தி மட்டுமில்லை. நம்மூரிலும் விலகும் இன்சார்ஜிடம் பேசினால், வார்டைப் பற்றிய குறையைவிட வார்டுக்கு வெளியிலிருந்து தலையில் விழும் வேலையைப் பற்றிய குறைதான் நீளமாக வரும்.

ஓட்டை எங்கே விழுகிறது

30 படுக்கை உள்ள பொது வார்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மருத்துவமனைகளுக்குத் தர அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எச். வழக்கப்படி ஆறு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்றால் ஒரு ஷிஃப்டுக்கு 5 பேர், மூன்று ஷிஃப்டுக்கு 15 டியூட்டி, வாரத்துக்கு 105 டியூட்டி. ஒருவர் வாரத்தில் 6 டியூட்டிதான் பார்க்க முடியும். வார ஆஃப் மட்டும் கொடுப்பதற்கே 17.5 பேர் வேண்டும்.

இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லும் 30 சதவீத விடுப்பு ஒதுக்கீட்டைச் சேர்த்தால் 15 என்பது 19.5 ஆகும், 20 என்று வைத்துக்கொள்ளலாம். 20 பேரும் தற்செயல் விடுப்பு, மருத்துவ விடுப்பு, பண்டிகை விடுமுறை எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஆண்டுக்கு 30 நாள் எடுத்தால் 600 நாள். ஒருவர் ஆண்டுக்கு 313 நாள் வேலை பார்ப்பவர் என்றால் அந்த 600 நாளை அடைக்க ஏறக்குறைய 1.9 ஆள் வேண்டும். 17.5 உடன் 1.9 சேர்ந்தால் 19.4. மிச்சம் அரை ஆள் சொச்சம். ஒருவர் 26 வாரப் பிரசவ விடுப்பில் போனால் அதுவும் தீர்ந்தது. முழு எண்ணிக்கை இருக்கும் வார்டின் நிலையே இது.

நடைமுறையில் பல வார்டுகள் 16, 17 பேரை வைத்து ஓடுகின்றன. 17 பேர் என்றால் வாரத்துக்கு 102 டியூட்டி. ஒருவரும் லீவு எடுக்காத வாரத்திலும் 3 டியூட்டி குறையும். அந்த மூன்றை யார் பார்ப்பது? டபுள் டியூட்டிக்கு ஆள் பிடிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் இன்சார்ஜே நோயாளி ஒதுக்கீட்டில் இறங்கி, சில நோயாளிகளை நேரடியாகக் கவனிக்க வேண்டும். அன்றைக்கு அவர் செய்யவேண்டிய இன்டென்ட் (மருந்து, பொருள் கேட்புப் பட்டியல்), ரோஸ்டர் (டியூட்டி அட்டவணை), கிராஷ் கார்ட் (அவசரச் சிகிச்சை வண்டி) சரிபார்ப்பு, நோயாளி விழுதல், படுக்கைப்புண், ஊசிக் குத்து பற்றிய மாதாந்திர எண்ணிக்கை எல்லாம் மாலை ஆறு மணிக்கு மேல் நகர்கின்றன. பிறகு வீட்டுக்கு.

ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் முதலில் இந்தக் கணக்கை வார்டு வார்டாகப் போட வேண்டும். விடுப்பு ஒதுக்கீடே இல்லாத வார்டில் மற்ற வழிகள் எல்லாம் ஓட்டைக் குடத்தில் ஊற்றும் தண்ணீர்.

இன்சார்ஜ் படி

180 படுக்கை, ஆறு வார்டு உள்ள மருத்துவமனையைக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஆறு இன்சார்ஜுக்கும் மாதம் 3,000 ரூபாய் கூட்டினால் ஆண்டுக்கு 2,16,000. கணக்கு எளிது, மறுநாளே அமலாகும். அதனால்தான் நிர்வாகங்களுக்கு இது பிடிக்கிறது.

இது உண்மையிலேயே வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு. டபுள் டியூட்டிக்குப் பணம் தரும் மருத்துவமனைகளில் மூத்த ஸ்டாஃப் நர்ஸ் மாதம் நான்கைந்து கூடுதல் டியூட்டி பார்த்து இன்சார்ஜைவிட அதிகம் வீட்டுக்குக் கொண்டுபோகிறார். இன்சார்ஜுக்கோ கூடுதல் நேரப் பணம் கிடையாது, ஏனென்றால் அவர் ‘மேனேஜ்மென்ட்’. கடந்த ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளை எடுத்து, அந்த வார்டின் மூத்த இருவர் கையில் வாங்கியதையும் இன்சார்ஜ் வாங்கியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்சார்ஜ் பின்தங்கியிருந்தால் படி கூட்டுவது அவசியம். அது சலுகை ஆகாது, திருத்தம்.

கூட்டும் தொகையை ‘சிறப்புப் படி’ என்று தனியே காட்டாமல் அடிப்படையில் சேர்ப்பது நல்லது. பணிக்கொடை கடைசி அடிப்படைச் சம்பளத்தின் மேலும், அகவிலைப்படி இருந்தால் அதையும் சேர்த்து, 15/26 என்ற விகிதத்தில், ஆண்டுகளால் பெருக்கி வருகிறது. அடிப்படை 15,000 என்றால் ஐந்து ஆண்டுக்கு 43,269 ரூபாய். 25,000 என்றால் 72,115. இந்தக் கணக்கு எல்லா நர்சுக்கும் தெரியும். ஐந்தாம் ஆண்டு முடியும்வரை காத்திருந்து, பணிக்கொடைத் தகுதி வந்ததும் கடிதம் கொடுக்கிறவர்கள் உண்டு. ஆறாம் ஆண்டிலும் எட்டாம் ஆண்டிலும் கண்ணுக்குத் தெரியும்படி ஓர் ஏற்றத்தை முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவைத்தால் அந்த இடத்தில் கொஞ்சம் யோசிப்பார்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2016இல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவை ஒட்டி மத்திய அரசு அமைத்த குழு தனியார் நர்ஸ் சம்பளத்துக்கு அளவு சொன்னது: 200 படுக்கைக்கு மேல் என்றால் மாநில அரசு நர்சுக்கு இணை, 100க்கு மேல் என்றால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதம், 50க்குக் கீழே என்றால் குறைந்தது 20,000 ரூபாய். இது பெரும்பாலும் தாளிலேயே கிடக்கிறது. ஆனாலும் உங்கள் இன்சார்ஜ் அதைப் படித்திருப்பார். சம்பளப் பேச்சில் உட்காரும்போது உங்கள் படுக்கை எண்ணிக்கை எந்த வரிசையில் வருகிறது என்று தெரிந்து உட்காருவது நல்லது.

நேரத்துக்காக விலகுகிறவரிடம் படி தோற்கும் என்பதை மேலேயே பார்த்தோம். அரசு வேலைக்குப் போகிறவரிடமும் தோற்கும்.

இரவு சூப்பர்வைசர்

இன்சார்ஜின் பொறுப்பு 24 மணி நேரம் என்று எந்த நியமனக் கடிதத்திலும் எழுதியிருக்காது. ஆனால் இரவு பதினொன்றுக்கு ஐ.சி.யு.விலிருந்து நோயாளியை இறக்கப் படுக்கை கேட்டு போன். ஒரு மணிக்கு, நைட் டியூட்டிக்கு வரவேண்டிய ஒருவர் வரவில்லை என்று போன். ஐந்தரைக்கு, நோயாளியின் உறவினர் சத்தம் போடுகிறார் என்று போன். மறுநாள் காலை ஏழரைக்கு, ஷிஃப்ட் கைமாறும் ஹேண்டோவரில் நிற்க வேண்டும். ஒவ்வொரு போனும் இரண்டு நிமிடம்தான். தூக்கம் திரும்பி வருவதில்லை.

தனியே இரண்டு இரவு சூப்பர்வைசர்களை நியமித்தால், ஆளுக்கு 30,000 ரூபாய் என்று வைத்து ஆண்டுக்கு 7,20,000. ஒருவரை வைத்து ஓட்ட முடியாது. வாரத்தில் நான்கு இரவுக்கு மேல் ஒருவர் தாங்க மாட்டார்.

மலிவான வழி சுழற்சி. நான்கு மூத்த நர்சுகளைத் தேர்ந்து, முறை வைத்து இரவுப் பொறுப்பு. இரவுக்கு 500 ரூபாய் என்றால் 365 இரவுக்கு 1,82,500. ஆனால் அந்த இரவில் அவருக்கு நோயாளி ஒதுக்கீடு இருக்கக் கூடாது. அவர் விட்ட இடத்தை நிரப்ப 365ஐ 313ஆல் வகுத்தால் 1.17 ஆள். மாதம் 20,000 ரூபாய்ச் சம்பளத்தில் அது சுமார் 2,80,000. மொத்தம் 4,62,500. இந்த இரண்டாவது தொகையை மறைத்துவிட்டு 1,82,500லேயே முடிக்கப் பார்ப்பதுதான் வழக்கமான தவறு. ஆறு நோயாளியைக் கையில் வைத்துக்கொண்டு முழு மருத்துவமனையையும் பார்க்கச் சொன்னால், அவர் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: போனை எடுத்து இன்சார்ஜைக் கூப்பிடுவது.

இதைவிடப் பெரிய சிக்கல் அதிகாரம். வேறு வார்டிலிருந்து ஒரு நர்சை மாற்றவும், மாற்று டியூட்டிக்கு ஆளை வரவழைத்துப் பணம் ஒப்புக்கொள்ளவும், படுக்கை ஒதுக்கவும் அவருக்கு எழுத்தில் அனுமதி வேண்டும். எவற்றுக்கு மட்டும் இன்சார்ஜை எழுப்பலாம் என்ற பட்டியல் ஒரு பக்கத்துக்குள் இருக்க வேண்டும்: நோயாளிக்குத் தீங்கு விளைந்த மருந்துத் தவறு, நார்க்கோடிக் மருந்து எண்ணிக்கையில் குறைவு, தகராறு எழுந்த மரணம், ஊழியர் மீது தாக்குதல் அல்லது போலீஸ் வருகை, தீ அல்லது வெள்ளம். இந்த ஐந்துக்கு வெளியே வருவது காலையில் பேசிக்கொள்ளலாம். போன் எண் சூப்பர்வைசர் பொறுப்புக்கு உரியதாக, மருத்துவமனை கொடுத்த தனி சிம்மில் இருக்க வேண்டும். ஆளுக்கு ஆள் மாறும் சொந்த எண்ணாக இருந்தால் டாக்டர்கள் பழைய பழக்கத்தில் இன்சார்ஜுக்கே அடிப்பார்கள். வார்டு வாட்ஸ்அப் குழுவில் இரவு எட்டுக்கு மேல் ரோஸ்டர் மாற்றம் போடுவதையும் நிறுத்த வேண்டும். அதுவும் ஒரு போன்தான்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பின்னிணைப்பு வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையேதான் கரை கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று கரை கடந்த ஃபெஞ்சல் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூர் ஓரத்தையும் பாகூர் பக்கத்தையும் மூழ்கடித்தது. கடலூரில் குடியிருந்து புதுச்சேரியில் வேலை பார்ப்பவர்களும், அரியாங்குப்பம், பாகூர் பக்கமிருந்து கடலூருக்கு வருபவர்களும் ஏராளம். சாலையில் தண்ணீர் ஏறினால் அடுத்த ஷிஃப்ட் வராது. முன்திட்டம் இல்லாத மருத்துவமனையில் உள்ளே மாட்டிக்கொண்ட இன்சார்ஜ் இரண்டு மூன்று நாள் வீடு திரும்ப மாட்டார். மழைக்காலம் தொடங்குமுன்பே தங்கும் அணி, மாற்றும் அணி என இரண்டைப் பெயர் போட்டு எழுதிவையுங்கள். தங்கும் அணிக்குக் கட்டில், சாப்பாடு, இரட்டைச் சம்பளம், 30 நாளுக்குள் ஈடு விடுப்பு. இன்சார்ஜ்களில் பாதிப் பேர்தான் தங்கும் அணியில் இருக்கலாம். ஈடு விடுப்பை ‘அப்புறம் பார்ப்போம்’ என்று தள்ளுவதுதான் புயலைவிட அதிகமாக மனதை முறிக்கிறது.

வார்டு கிளார்க்

இன்சார்ஜின் பகல் எங்கே கரைகிறது என்று பார்க்க ஏழு நாளுக்கு 15 நிமிடத் துண்டுகளாகக் குறிப்பு எடுக்கச் சொல்லுங்கள். காப்பீட்டுக் கோப்புக்கு நகல் எடுப்பது, காப்பீட்டுக் கோரிக்கைகளைக் கையாளும் டி.பி.ஏ. நிறுவனம் கேட்ட விளக்கத்துக்கு டாக்டரைத் தேடுவது, லினன் எண்ணுவது, ஏ.சி. பழுதுக்குத் திரும்பத் திரும்பப் புகார் சொல்வது, லேப் ரிப்போர்ட்டை விரட்டுவது, டிஸ்சார்ஜ் கோப்பை அடுக்கி மெடிக்கல் ரெக்கார்ட்ஸுக்கு அனுப்புவது. இதில் எதற்கும் நர்சிங் பட்டம் தேவையில்லை.

மாதம் 14,000 ரூபாயில் ஒரு கிளார்க் என்றால் ஆண்டுக்கு 1,68,000. ஒரே தளத்தில் உள்ள இரண்டு வார்டுக்கு ஒருவர் என்றால் ஆறு வார்டுக்கு மூவர், 5,04,000. நேரம் காலை 8 முதல் 5 வரை போதும். டிஸ்சார்ஜ் நெரிசல் பத்துக்கும் இரண்டுக்கும் இடையேதான். நார்க்கோடிக் பதிவேடு, கிராஷ் கார்ட், ஹேண்டோவர், சம்பவ அறிக்கை ஆகியவை கிளார்க்கிடம் போகக் கூடாது. மருத்துவக் கழிவுப் பைகளில் மஞ்சள், சிவப்பு என்று நிறப்படி பிரித்திருக்கிறதா என்று பார்ப்பதும் நர்சிடமே இருக்கட்டும்.

கெட்டுப்போகும் விதம் எப்போதும் ஒன்று. இரண்டாம் வாரத்தில் பில்லிங் கவுண்டரில் ஆள் குறைந்தால் இவரை இழுத்துக்கொள்வார்கள். பிறகு அவர் திரும்பி வரமாட்டார். நியமன உத்தரவிலேயே இன்சார்ஜின் கீழ் என்று எழுதி, வேறு பிரிவுக்கு அனுப்ப இன்சார்ஜ் கையெழுத்து வேண்டும் என்று வைத்தால் தப்பலாம்.

பகலுக்கு இதைவிடச் சிறந்த செலவு இல்லை. இருந்தும் இதை இரவு ஏற்பாட்டுக்குப் பின்னால் வைப்பதற்குக் காரணம், பகலில் வேலை குறைந்தாலும் இரவில் போன் அடித்துக்கொண்டிருந்தால் டியூட்டர் வேலை இன்னும் இனிக்கும் என்பதுதான்.

துணை இன்சார்ஜ்

வார்டுக்கு ஒரு மூத்த நர்சுக்கு மாதம் 1,500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் ஆறு வார்டுக்கு ஆண்டுக்கு 1,08,000. ஞாயிறு பகலும் இன்சார்ஜ் லீவு நாளும் இவர் பொறுப்பு. விலை குறைவு, இன்சார்ஜ் போனாலும் அடுத்தவர் தயாராக இருப்பார். நிபந்தனை: நாளுக்கு இரண்டு மணி நேரமாவது நோயாளி ஒதுக்கீட்டிலிருந்து விடுவித்து ரோஸ்டரும் இன்டென்டும் அவர் கையால் செய்ய விட வேண்டும். பெயரை மட்டும் கொடுத்து வேலையைக் கற்றுக்கொடுக்காவிட்டால், ஞாயிறு காலை அவரும் போன்தான் செய்வார்.

பயிற்சி

ஊசி போடுவதில் கைதேர்ந்தவர், டாக்டர்கள் பெயர் சொல்லிக் கேட்கும் சிஸ்டர், ஒரு திங்கட்கிழமை இன்சார்ஜ் ஆகிறார். ரோஸ்டர் போடவோ, இரண்டு பேர் சண்டையைத் தீர்க்கவோ, கன்சல்டன்டிடம் ‘முடியாது’ என்று சொல்லவோ யாரும் அவருக்குச் சொல்லித்தந்ததில்லை. முதல் ஆண்டில் விலகுகிறவர்களில் பலர் இந்த வகை. 90 நாளுக்கு இன்னொரு வார்டின் அனுபவமுள்ள இன்சார்ஜோடு வாரம் ஒரு மணி நேரம், முதல் மூன்று ரோஸ்டரை இருவரும் சேர்ந்து போடுவது, முதல் தரத் தணிக்கைக்கு அவர் துணை நிற்பது. செலவு கொஞ்சம்தான்.

ஐந்து ஆண்டாக இருக்கும் இன்சார்ஜைத் தக்கவைக்க மட்டும் பயிற்சி உதவாது. அவருக்கு வேலை தெரியாமல் இல்லை. ‘தலைமைப் பண்பு’ என்று ஓட்டல் ஹாலில் நடத்தும் ஒருநாள் முகாம், அவர் ஆஃப் நாளைத் தின்றுவிடும் என்பதைத் தவிர வேறு பயன் தந்து பார்த்ததில்லை.

பாண்டும் அசல் சான்றிதழும்

இரண்டு ஆண்டு விலக மாட்டேன் என்று பாண்டு எழுதி வாங்குவது, அசல் சான்றிதழைப் பிடித்துவைப்பது ஆகிய இரண்டும் இன்னும் அங்கங்கே உண்டு. சான்றிதழைப் பிடித்துவைக்கச் சட்டத்தில் இடமில்லை. மனம் விட்டுப்போன ஒருவரை வார்டுப் பொறுப்பில் உட்கார வைப்பதால் வரும் இழப்பு, அவர் போவதால் வரும் இழப்பைவிடப் பெரிது. இதற்கு மேல் இதில் ஒப்பிட ஒன்றுமில்லை.

செலவே இல்லாத வழி

மேற்சொன்ன எதையும் செய்ய முடியாத சிறிய மருத்துவமனைக்கும் இது முடியும். இன்சார்ஜ் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். எதையும் முடிவு செய்ய முடியாது. பி.பி. கருவிக்குப் பேட்டரி வாங்கவும் ஒப்புதல், ஒருநாள் லீவுக்கும் மேலே கேட்க வேண்டும். நான்கு அதிகாரங்களை எழுதிக் கொடுங்கள்: மாதம் 2,000 ரூபாய் வரை நேரடிக் கொள்முதல், மூன்று நாள் வரையான லீவுக்கு அவர் கையெழுத்தே போதும், ஆறு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்ற விகிதம் உடைந்தால் கூடுதல் நர்ஸ் வரும்வரை அவசரமில்லாத அட்மிஷனை வேறு வார்டுக்குத் திருப்பும் உரிமை, அவருக்குத் தெரியாமல் அவர் வார்டு நர்சை இடம் மாற்றக் கூடாது என்ற விதி.

1983இல் அமெரிக்காவில் 163 மருத்துவமனைகளை ஆராய்ந்து, நர்சுகள் விட்டுப்போகாத 41ஐத் தனியே எடுத்தார்கள். ‘மேக்னட்’ மருத்துவமனை என்ற பெயர் அங்கிருந்து வந்தது. முடிவெடுக்கும் உரிமை வார்டு மட்டத்தில் இருந்தது அவற்றின் பொதுக் குணங்களில் ஒன்று. மூன்றாவது அதிகாரத்தைக் கொடுக்க மட்டும் நிர்வாகங்கள் தயங்கும், வருமானம் தள்ளிப்போகும் என்று. ஆனால் 30 படுக்கைக்கு மூன்று பேர் நிற்கும் இரவில் நடக்கும் ஒரு மருந்துத் தவறின் விலையையும் அந்தக் கணக்கில் எழுத வேண்டும்.

குழந்தைகள் காப்பகத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். 50 பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு அது சட்டப்படி கட்டாயம். தேர்வு வயது தாண்டி, பள்ளி போகும் பிள்ளைகளோடு இந்த ஊரிலேயே வேர்விட்டவர்கள்தான் நீங்கள் உண்மையில் தக்கவைக்கக் கூடியவர்கள். ஷிஃப்ட் முடியும் நேரமும் பள்ளி வேன் வரும் நேரமும் ஒத்துப்போனால் பல பேச்சுவார்த்தைகள் தேவையே படாது.

அரசு மருத்துவமனையில் கதை வேறு

அங்கே யாரும் சம்பளத்துக்காக வேலையை விடுவதில்லை. பதவி உயர்வையே வேண்டாம் என்கிறார்கள். தமிழ்நாட்டில் உயர்வோடு வேறு மாவட்டத்துக்கு மாறுதல் வரலாம். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்திலோ உத்தரவு காரைக்கால், ஏனாம், மாஹே என்று எங்கும் போகலாம். ஏனாம் ஆந்திரக் கரையில், மாஹே கேரளக் கரையில். மத்திய விதிப்படி உயர்வை மறுத்தால் ஓராண்டுக்கு மறுபடி அழைப்பு இல்லை. பதவி உயர்வு கிடைக்காதவர்களுக்கு 10, 20, 30 ஆண்டில் வரும் எம்.ஏ.சி.பி. என்ற நிதி உயர்விலும் சிக்கல் வரும். அதைத் தெரிந்தே மறுக்கிறார்கள். பணம் போட்டு இதை மாற்ற முடியாது. மாறுதல் எந்த ஊருக்கு, எத்தனை காலத்துக்கு என்று முன்கூட்டியே சொல்லும் கவுன்சிலிங்தான் வழி.

ஆறு லட்சத்தை எப்படிப் பிரிப்பது

180 படுக்கை மருத்துவமனைக்கு: சுழற்சி முறை இரவுப் பொறுப்புக்கு 4,62,500, துணை இன்சார்ஜ் ஆறு பேருக்கு 1,08,000. மொத்தம் 5,70,500. அதிகார உத்தரவு இதோடு சேர்ந்தே வெளியாக வேண்டும். இன்னும் 1,68,000 கிடைத்தால் காப்பீட்டு நோயாளிகள் அதிகம் வரும் இரண்டு வார்டுக்கு ஒரு கிளார்க். சம்பளச் சீட்டு ஒப்பீட்டில் இன்சார்ஜ் பின்தங்கியிருந்தால் மட்டும் இந்த வரிசை மாறும். அப்போது படி முதலில்.

தொடங்குவதற்கு முந்தைய மாதமே மூன்று எண்ணைக் குறித்துவையுங்கள்: ஒவ்வொரு இன்சார்ஜுக்கும் இரவு எட்டு முதல் காலை ஏழு வரை வந்த பணி சார்ந்த போன்கள், மாதத்தில் அவர் நோயாளி ஒதுக்கீடு எடுத்த நாட்கள், ரத்தான ஆஃப்கள். பிறகு மாதந்தோறும் அதே மூன்று. ஒதுக்கீடு எடுத்த நாள் குறையவில்லை என்றால் விடுப்பு ஒதுக்கீட்டுக் கணக்குக்குத் திரும்புங்கள். மூன்றாம் மாதமும் போன் குறையவில்லை என்றால் இரவு சூப்பர்வைசரைக் குடைய வேண்டாம்; எந்த டாக்டர்கள் இன்னும் இன்சார்ஜின் சொந்த எண்ணுக்கு அடிக்கிறார்கள் என்று பட்டியல் எடுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று பெயர்தான் இருக்கும். அவர்களிடம் பேசும் வேலையை நர்சிங் சூப்பரின்டென்டன்ட் தலையில் கட்டாமல் மெடிக்கல் சூப்பரின்டென்டன்ட் எடுத்துக்கொள்ள வேண்டும்.